வியூவில் கம்ப்யூட்டட் பண்பு எச்சரிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியூ ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் கம்ப்யூட்டட் பண்புகளை எழுதும்போது உலாவியின் கன்சோலில் தோன்றும் எச்சரிக்கைகளைப் பற்றியும், எச்சரிக்கை எதுவும் வராமலே விடை தவறிப்போகும் சில இடங்களைப் பற்றியும் இப்பக்கம் பேசுகிறது. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டாலும் அதில் எழுதப்பட்ட செயலிகள் இன்னும் இயங்குவதால், வியூ 2, வியூ 3 இரண்டையும் கருத்தில் கொண்டே விடைகள் தரப்பட்டுள்ளன. கன்சோலில் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வரும். இங்கே அவற்றின் பொருள் தமிழில் தரப்பட்டுள்ளது.

கம்ப்யூட்டட் பண்பு மீது மட்டும் வியூ ஏன் இவ்வளவு எச்சரிக்கைகளை விடுக்கிறது?

கம்ப்யூட்டட் பண்பு என்பது ஒரு சூத்திரம். அட்டவணைச் செயலியில் ஒரு கட்டத்தில் கூட்டல் சூத்திரம் எழுதினால், அந்தக் கட்டத்தில் நாம் எண்ணை நேரடியாக இடுவதில்லை. மற்ற கட்டங்கள் மாறும்போது அது தானே மாறிக்கொள்கிறது. கம்ப்யூட்டட் பண்பின் நிலையும் இதுவே. விடையைக் கணக்கிட்டுத் தரும் அதன் கெட்டர் ஃபங்ஷன் ஓடும்போது எந்தெந்தத் தரவுகளைப் படிக்கிறது என்று வியூ குறித்துக்கொள்கிறது. விடையை நினைவில் வைத்துக்கொள்கிறது. குறித்துக்கொண்ட தரவுகளில் ஏதேனும் மாறி, அதன் பிறகு யாரேனும் அந்த விடையைக் கேட்டால் மட்டுமே கெட்டரை மீண்டும் ஓட்டுகிறது. யாருமே கேட்காவிட்டால் கெட்டர் ஒருமுறைகூட ஓடாது.

இந்த ஏற்பாடு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. கெட்டரின் விடை அது படிக்கும் தரவுகளை மட்டுமே சார்ந்திருக்கும் என்பது முதலாவது; கெட்டர் வேறு எதையும் மாற்றாது என்பது இரண்டாவது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்று மீறப்பட்டதன் அறிவிப்புகளே. ஆகவே எந்த எச்சரிக்கையைக் கண்டாலும், "இந்தச் செயலியில் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது, அதிலிருந்து கணக்கிடப்படுவது எது?" என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது மிகுந்த நேரத்தை மிச்சப்படுத்தும்.

"கம்ப்யூட்டட் பண்புக்கு மதிப்பு இடப்பட்டது, ஆனால் அதற்குச் செட்டர் இல்லை" என்று எச்சரிக்கை வருகிறது. என்ன செய்ய வேண்டும்?

இது வியூ 2-இன் வாசகம். வியூ 3-இல் இதே தவறுக்கு, எழுதும் முயற்சி தோல்வியுற்றது, கம்ப்யூட்டட் மதிப்பு படிக்க மட்டுமே உரியது என்ற பொருளில் எச்சரிக்கை வரும். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: சூத்திரம் இருக்கும் கட்டத்தில் யாரோ நேரடியாக எண்ணை எழுத முயன்றிருக்கிறார்கள். வியூ அந்த எழுத்தைப் புறக்கணித்துவிடும், செயலி நிற்காது, ஆனால் திரையில் எதிர்பார்த்த மாற்றம் நடக்காது.

எழுதியவர் யார் என்பதே முதல் தேடல். மெத்தட் ஒன்றுக்குள் சமக்குறி இட்டு எழுதியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். உள்ளீட்டுப் பெட்டியில் வி-மாடல் வழியாக அந்தப் பண்பை இணைத்திருந்தால் அவ்வளவு எளிதில் பிடிபடாது, ஏனெனில் வி-மாடல் என்பது படிப்பதும் எழுதுவதும் சேர்ந்த இணைப்பு என்பதை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். படிவத்தை வெறுமையாக்கும் மெத்தட், சர்வரிலிருந்து வந்த ஆப்ஜெக்டின் எல்லாப் புலங்களையும் மொத்தமாகக் காம்பொனென்டின் (திரையின் ஒரு பகுதியை அமைக்கும் நிரல் துண்டின்) மேல் ஒட்டும் வரி, இருவழி இணைப்பை எதிர்பார்க்கும் வெளியார் காம்பொனென்ட் ஆகியவை இன்னும் மறைவான இடங்கள்.

கண்டுபிடித்த பின் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பயனர் உண்மையிலேயே அந்த மதிப்பை மாற்ற வேண்டுமா? வேண்டாமெனில் எழுதும் வரியை நீக்குங்கள், அல்லது மூலத் தரவை மாற்றும்படி அதைத் திருத்துங்கள். வேண்டுமெனில் செட்டர், அதாவது எழுதப்படும் மதிப்பை ஏற்றுக் கையாளும் ஃபங்ஷன், தேவை. வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். செல்சியஸ் ஒரு ரெஃப், அதாவது வியூ கவனித்துவரும் மாறி. ஃபாரன்ஹீட் அதிலிருந்து கணக்கிடப்படும் கம்ப்யூட்டட். கெட்டர் செல்சியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டித் தரும். பயனர் ஃபாரன்ஹீட் பெட்டியில் 212 என்று தட்டினால், செட்டர் அதிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்து, செல்சியஸில் 100 என்று எழுத வேண்டும். செட்டர் தன்னிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்தை மூலத்துக்குத் திருப்பிவிடுவது மட்டுமே அதன் வேலை.

சிலர் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக உள்ளே எதுவுமில்லாத வெற்றுச் செட்டரை வைத்துவிடுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எழுத்து அப்போதும் காணாமல்தான் போகிறது. முன்பு அதைச் சொல்ல ஓர் எச்சரிக்கையாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

தாய்க் காம்பொனென்டிலிருந்து வரும் ப்ராப்பை வி-மாடலுடன் இணைக்க வேண்டும். கம்ப்யூட்டட் உதவுமா?

உதவும். கெட்டர் ப்ராப்பைப் படிக்கட்டும். செட்டர் புதிய மதிப்பைத் தாய்க்கு எமிட் செய்யட்டும், அதாவது நிகழ்வாக அனுப்பட்டும். தாய் தன் தரவை மாற்றியதும் ப்ராப் மாறும், கெட்டரும் புதிய விடையைத் தரும். வியூ 3.4 முதல் இந்த வேலையை டிஃபைன்மாடல் என்ற வசதி ஒரே வரியில் செய்துவிடுகிறது. புதிதாக எழுதுபவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

ஆனால் ப்ராப் ஓர் ஆப்ஜெக்டாக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. "முகவரி" என்ற கம்ப்யூட்டடுக்கு முறையான செட்டர் எழுதிவிட்டு, உள்ளீட்டுப் பெட்டியில் "முகவரி.தெரு" என்று வி-மாடல் கொடுத்தால் அந்தச் செட்டர் ஒருபோதும் அழைக்கப்படாது. அங்கே நடப்பது "முகவரி"க்கு எழுதுவது அன்று. அதைப் படித்து, கிடைத்த ஆப்ஜெக்டின் உள்ளே "தெரு"வை மாற்றுவது. ப்ராப்களின் பாதுகாப்பு மேல்மட்டத்தோடு நின்றுவிடுவதால் எச்சரிக்கையும் வராது. தாயின் தரவு அதற்குத் தெரியாமலே மாறிவிடும். சேமி பொத்தானை அழுத்தும் முன்பே பின்னணியில் உள்ள பட்டியல் மாறிவிடுகிறது, ரத்து செய்தாலும் பழைய நிலை திரும்பவில்லை என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. படிவம் திறக்கும்போது ஆப்ஜெக்டின் நகல் ஒன்றை எடுத்து, பயனர் அந்த நகலைத் திருத்தட்டும்; சேமிக்கும்போது முழு நகலையும் தாய்க்கு எமிட் செய்யுங்கள்.

கம்ப்யூட்டட் தரும் அர்ரேயில் ஒரு பொருளைச் சேர்த்தேன். எச்சரிக்கை இல்லை, சேர்த்ததும் நிலைக்கவில்லை. ஏன்?

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. கம்ப்யூட்டட் பண்புக்கு நேரடியாக மதிப்பு இடுவதை மட்டுமே வியூ தடுக்கிறது; அது தந்த அர்ரேயின் உள்ளே கை வைப்பதைத் தடுப்பதில்லை. "முடிந்தவை" என்பது "பணிகள்" அர்ரேயை வடிகட்டித் தரும் கம்ப்யூட்டட் என்றால், ஒவ்வொரு முறையும் புதிய அர்ரே ஒன்று பிறக்கிறது. அதில் நீங்கள் புஷ் செய்தது அந்த நகலுக்குள் போய், அடுத்த கணக்கீட்டில் நகலோடு மறைந்துவிடுகிறது. கம்ப்யூட்டட் தரும் மதிப்பு அந்தக் கணத்தின் படம் என்று கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது படத்தை அன்று, "பணிகள்" அர்ரேயை.

"இந்தக் கம்ப்யூட்டட் பண்பு ஏற்கெனவே டேட்டாவில் வரையறுக்கப்பட்டுள்ளது" என்றால் என்ன?

காம்பொனென்டை டேட்டா, மெத்தட் போன்ற பகுதிகளாகப் பிரித்து எழுதும் ஆப்ஷன்ஸ் ஏபிஐ முறையில் ப்ராப், மெத்தட், டேட்டா, கம்ப்யூட்டட் எல்லாம் ஒரே காம்பொனென்டின் மேல் ஒரே பெயர்வெளியில் வந்து அமர்கின்றன. வியூ அவற்றை இந்த வரிசையிலேயே அமைக்கிறது. கம்ப்யூட்டடின் முறை வரும்போது அந்தப் பெயரில் வேறொன்று இருந்தால் எச்சரிக்கிறது. அப்போது திரை அமைப்பை விவரிக்கும் டெம்ப்ளேட்டுக்குக் கிடைப்பது டேட்டாவில் உள்ள மதிப்பே. தொடக்கத்தில் "மொத்தம்" என்பதை டேட்டாவில் 0 என்று வைத்திருந்து, பின்னர் அதைக் கம்ப்யூட்டடாக மாற்றியவர் பழைய வரியை நீக்க மறந்தால், திரையில் எப்போதும் 0 மட்டுமே தெரியும்.

பெயர் மோதல் உங்கள் கோப்பில் தெரியவில்லை எனில், பல காம்பொனென்ட்கள் பகிரும் நிரல் பகுதிகளான மிக்ஸின்களில் நீங்கள் பயன்படுத்துபவற்றைத் திறந்து பாருங்கள். "பட்டியல்", "நிலை" போன்ற பொதுப்பெயர்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

இந்த அமைப்பு வரிசையிலிருந்து இன்னொரு விளைவும் வருகிறது. டேட்டா ஃபங்ஷன் ஓடும் நேரத்தில் கம்ப்யூட்டட் பண்புகள் இன்னும் அமைக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே டேட்டாவின் தொடக்க மதிப்பைக் கம்ப்யூட்டடிலிருந்து எடுக்க முயல்வது சரிவராது. அந்தத் தொடக்க மதிப்பை, கம்ப்யூட்டட்கள் அமைக்கப்பட்ட பின் வரும் கிரியேட்டட் கட்டத்தில் இடலாம். பல வேளைகளில், அந்த டேட்டாவே தேவையில்லை, அதுவும் ஒரு கம்ப்யூட்டடாக இருந்திருக்க வேண்டும் என்பது அப்போது புலப்படும்.

"ரெண்டரின்போது இந்தப் பண்பு தேடப்பட்டது, ஆனால் வரையறுக்கப்படவில்லை" என்று வருகிறது. நான் வரையறுத்திருக்கிறேனே?

எழுத்துப்பிழையை முதலில் பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அதில் அடங்கும். அடுத்து, அடைப்புக்குறி இடம் மாறியதால் உங்கள் ஃபங்ஷன் கம்ப்யூட்டட் பகுதிக்கு வெளியே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செட்டப் ஃபங்ஷனை நீங்களே எழுதுபவராக இருந்தால், கம்ப்யூட்டடை உருவாக்கிய பின் ரிட்டர்ன் ஆப்ஜெக்டில் அதைச் சேர்க்க மறந்திருக்கலாம். ஸ்கிரிப்ட் செட்டப் முறையில் இந்தச் சிக்கல் எழாது.

நீண்ட கோப்புகளில் அடிக்கடி காணும் இன்னொரு காரணம், ஒரே காம்பொனென்டில் கம்ப்யூட்டட் என்ற பகுதியே இரண்டு முறை எழுதப்பட்டிருப்பது. ஒருவர் மேலே எழுதியிருப்பார். அதைக் கவனிக்காமல் இன்னொருவர் கீழே புதிதாகத் தொடங்கியிருப்பார். ஜாவாஸ்கிரிப்ட் இதைத் தவறாகக் கருதுவதில்லை. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மூடிவிடுகிறது, மேலே இருந்த பண்புகள் அனைத்தும் காணாமல் போகின்றன. நேற்றுவரை ஓடிய பண்புகள் கூட்டமாக மறைந்தால் இதையே முதலில் ஐயுறுங்கள்.

"கம்ப்யூட்டட் பண்புக்குக் கெட்டர் இல்லை" என்பது?

ஃபங்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மதிப்பை வைத்திருக்கிறீர்கள், அல்லது ஆப்ஜெக்ட் வடிவில் எழுதி "செட்" மட்டும் கொடுத்து "கெட்" கொடுக்கத் தவறிவிட்டீர்கள். அதைச் சேர்த்தால் போதும்.

கெட்டருக்குள் திஸ் என்பது வரையறுக்கப்படாததாக இருக்கிறதே?

கெட்டரை அம்புக்குறி ஃபங்ஷனாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனக்கென ஒரு திஸ் கிடையாது. கோப்பின் மேல்மட்டத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும், அங்கே காம்பொனென்ட் இல்லை. சாதாரண மெத்தட் வடிவில் எழுதுங்கள். அம்புக்குறி வடிவமே வேண்டுமெனில், வியூ காம்பொனென்டை முதல் அளவுருவாகத் தருவதால் அதை வாங்கிப் பயன்படுத்தலாம்.

"கம்ப்யூட்டட் பண்பில் எதிர்பாராத பக்கவிளைவு" என்று லின்ட் சொல்கிறது. நான் வரிசைப்படுத்த மட்டுமே செய்தேன்.

இந்த வியப்பு நியாயமானது. லின்ட் என்பது நிரலை ஓட்டாமலே படித்துத் தவறுகளைச் சுட்டும் கருவி; ஈஎஸ்லின்ட் அவற்றில் ஒன்று. ஈஎஸ்லின்டுக்கான வியூ செருகுநிரல் கெட்டருக்குள் எந்தத் தரவும் மாற்றப்படுவதை அனுமதிப்பதில்லை; ஜாவாஸ்கிரிப்டின் சார்ட், ரிவர்ஸ் ஆகிய இரண்டும் புதிய அர்ரேயைத் தராமல், இருக்கும் அர்ரேயையே கலைத்து அடுக்குகின்றன. ஆகவே "பணிகள்" அர்ரேயின் மேல் கெட்டருக்குள் சார்ட் அழைத்தால், பார்ப்பதற்குத் தரவைப் படிப்பதுபோல் தோன்றினாலும், மூலத் தரவையே மாற்றுகிறீர்கள். அதே அர்ரேயைச் சேர்த்த வரிசையில் காட்டும் மற்றொரு காம்பொனென்டில் வரிசை திடீரென்று மாறும். காரணம் அந்தக் கோப்பில் எங்கும் கிடைக்காது.

ரிவர்ஸ் இன்னும் கொடியது. சார்ட் இரண்டாம் முறை ஓடினால் அடுக்கியதை மீண்டும் அடுக்கும், விடை மாறாது. ரிவர்ஸோ ஒவ்வொரு முறையும் திசையைப் புரட்டுகிறது. கெட்டர் எத்தனை முறை ஓடியது என்பதைப் பொறுத்துப் பட்டியல் மேலும் கீழுமாக மாறும்.

தீர்வு எளிது. மூன்று புள்ளிகளால் விரித்து அர்ரேயை நகலெடுத்து, நகலின் மேல் சார்ட் அழையுங்கள். ஸ்லைஸ் வழியாகவும் நகலெடுக்கலாம். 2023-ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் தரநிலையில் சேர்ந்த டூசார்டட், டூரிவர்ஸ்டு ஆகிய இரண்டும் புதிய அர்ரேயையே தருவதால், புதிய உலாவிகளை மட்டும் ஆதரிக்கும் செயலிகளில் அவற்றைப் பயன்படுத்தலாம். ஃபில்டரும் மேப்பும் ஏற்கெனவே புதிய அர்ரேயைத் தருபவை. அவற்றின் பின் சார்ட் வருவதில் தீங்கு இல்லை.

கெட்டருக்குள் எண்ணியை ஒன்றுகூட்டுவது, தேர்ந்தெடுத்த பக்கத்தை 1-க்குத் திருப்புவது, பிழைச்செய்தியை ஒரு ரெஃபில் இடுவது ஆகியவையும் இதே வகை. "தேடுசொல் மாறினால் பக்கம் 1-க்குத் திரும்ப வேண்டும்" என்பது ஒரு செயல். அது வடிகட்டும் கெட்டரின் வேலை அன்று. தேடுசொல்லைக் கவனித்து அது மாறும்போது ஓடும் வாட்சுக்கோ, தட்டச்சைக் கையாளும் மெத்தடுக்கோ உரியது.

"மீள்புதுப்பிப்பு எல்லையைத் தாண்டிவிட்டது" என்ற எச்சரிக்கையுடன் திரை உறைகிறது. கம்ப்யூட்டட் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஒரு மாற்றம் புதுப்பிப்பைத் தூண்டி, அந்தப் புதுப்பிப்பே மீண்டும் அதே மாற்றத்தைச் செய்தால் சுழற்சி உண்டாகும். வியூ ஒரே சுற்றில் 100 முறைவரை பொறுத்துவிட்டு இவ்வாறு எச்சரிக்கிறது; வியூ 2-இல் முடிவில்லாப் புதுப்பிப்புச் சுழற்சி இருக்கக்கூடும் என்ற வாசகம் வரும், அங்கும் எல்லை 100 தான். தான் படிக்கும் தரவையே மாற்றும் கெட்டர் இதற்கு ஒரு காரணம். 3.4 தொடரின் சில பதிப்புகள், கெட்டர் ஓடி முடிந்த பிறகும் கம்ப்யூட்டட் பழையதாகவே இருக்கிறது, அது தன் சார்பையே மாற்றுகிறது போலும் என்று இதைத் தனியாகவே சுட்டின.

ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இரண்டு வாட்ச்கள் மற்றொரு காரணம். முன்சொன்ன வெப்பநிலையில் செல்சியஸையும் ஃபாரன்ஹீட்டையும் இரண்டு தனி ரெஃப்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட்ச் எழுதி மற்றதை மாற்றச் செய்தால், பதின்மப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்கள் துல்லியமாகப் பொருந்தாத மதிப்புகளில் ஒன்று மற்றதைத் தூண்டிக்கொண்டே போகக்கூடும். பெரும்பாலும் ஓரிரு சுற்றில் அடங்கிவிடுவதால் சோதனையில் இது அகப்படாது. ஒன்றை ரெஃபாகவும் மற்றதைச் செட்டருள்ள கம்ப்யூட்டடாகவும் வைத்தால் சுழலவே வழியில்லை. இரண்டு உண்மைகளை ஒத்துப்போகச் செய்ய முயல்வதைவிட ஒன்றை நீக்குவது மேல்.

"கம்ப்யூட்டட் பண்பில் மதிப்பைத் திருப்பித் தர வேண்டும்" என்று லின்ட் வற்புறுத்துவது ஏன்?

ஏதோ ஒரு பாதையில் ரிட்டர்ன் இல்லை. இஃப் நிபந்தனை பொய்யாகும் பாதை, ஸ்விட்சில் எந்த நிலையும் பொருந்தாத பாதை ஆகியவற்றைப் பாருங்கள். மேப், ஃபில்டர் ஆகியவற்றுக்குள் வளைவு அடைப்பு இட்டு ரிட்டர்னை மறந்ததை இந்த விதி பிடிக்காது. அதை நீங்களே கவனிக்க வேண்டும்.

கெட்டருக்குள் சர்வரிலிருந்து தரவைப் பெறலாமா?

கூடாது. ஒத்திசைவற்ற ஃபங்ஷன் எப்போதும் ஒரு ப்ராமிஸையே, அதாவது பின்னர் விடை வரும் என்ற உறுதிமொழியையே, தரும். கம்ப்யூட்டடின் மதிப்பும் அந்த ப்ராமிஸாகவே இருக்கும், அதனுள் பின்னர் வரப்போகும் தரவு அன்று. அதைவிட நுட்பமான கேடு ஒன்றும் உண்டு: கெட்டர் எதைப் படிக்கிறது என்று வியூ குறித்துக்கொள்வது அது தடையின்றி ஓடும் வரைதான். விடைக்காகக் காத்திருக்கும் முதல் அவெய்ட்டுக்குப் பின் படிக்கப்படும் எதுவும் குறிக்கப்படாது. அவை மாறினாலும் மறுகணக்கீடு நடக்காது.

விடையை வைக்க ஒரு ரெஃப், கேள்வியைக் கவனிக்க ஒரு வாட்ச் என்று பிரித்து எழுதுங்கள். அப்படி எழுதும்போது விடைகள் வரிசை மாறி வருவதையும் எண்ணிப் பாருங்கள். பயனர் முதலில் "க" என்றும் பின் "கட" என்றும் தட்டினால், "கட"வுக்கான விடை முதலில் வந்து, "க"வுக்கான பழைய விடை பின்னால் வந்து அதை அழித்துவிடலாம். வாட்ச் தன் ஃபங்ஷனுக்கு மூன்றாவது அளவுருவாகத் தரும் துப்புரவு வசதியைக் கொண்டு பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள். இது செய்யாத தேடல் பெட்டி மெதுவான இணைப்பில் பயனருக்குத் தவறான பட்டியலைக் காட்டும். வந்த தரவை வடிகட்டுவதும் எண்ணுவதும் மீண்டும் கம்ப்யூட்டடின் வேலையே.

எச்சரிக்கை எதுவும் இல்லை, ஆனால் கம்ப்யூட்டட் புதுப்பிக்கப்படவே இல்லை.

எச்சரிக்கையுடன் வரும் தவறுகளைவிட இவை கடினமானவை. கெட்டர் படிக்கும் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணி, "இது மாறியதை வியூ அறியுமா?" என்று கேளுங்கள். இப்போதைய நேரம், உலாவிச் சாளரத்தின் அகலம், லோக்கல்ஸ்டோரேஜில் உள்ள மதிப்பு ஆகியவற்றை வியூ கவனிப்பதில்லை. நேரத்தைப் படிக்கும் கம்ப்யூட்டட் முதல் விடையிலேயே நின்றுவிடும். அவற்றை ஒரு ரெஃபில் எடுத்து வைத்து, நிகழ்வு நேரும்போதோ குறித்த இடைவெளியிலோ ரெஃபை மாற்ற வேண்டும்.

வியூ கவனித்துவரும் ரியாக்டிவ் ஆப்ஜெக்டிலிருந்து புலங்களைப் பிரித்தெடுத்துத் தனி மாறிகளில் வைத்தால் தொடர்பு அறுந்துவிடும். டூரெஃப்ஸ் வழியாகப் பிரித்தால் அறாது. பல காம்பொனென்ட்கள் பகிரும் தரவை வைக்கும் பினியா ஸ்டோரிலிருந்து பிரிக்க ஸ்டோர்டூரெஃப்ஸ் இருக்கிறது. ரியாக்டிவ் ஆப்ஜெக்ட் இருந்த மாறிக்கு முற்றிலும் புதிய ஆப்ஜெக்டை இட்டாலும் இதே கதிதான். வியூ 2-இல் அர்ரேயின் ஓர் இடத்துக்கு எண்வழி மதிப்பு இடுவதும், ஆப்ஜெக்டில் புதிய புலம் சேர்ப்பதும் கண்டுகொள்ளப்படுவதில்லை, வியூ.செட் வழியாகச் செய்ய வேண்டும். வியூ 3 ப்ராக்ஸியின் மேல் கட்டப்பட்டிருப்பதால் அந்தக் குறை அங்கே இல்லை.

நிபந்தனைகள் உள்ள கெட்டரில் இன்னொன்று நிகழும். கடைசி ஓட்டத்தில் உண்மையில் படிக்கப்பட்டவை மட்டுமே குறிக்கப்படும். இஃப் நிபந்தனையில் உள்ளது சாதாரண மாறியாக இருந்து, முதல் ஓட்டத்தில் அது பொய்யாக இருந்தால், உள்ளே இருக்கும் ரெஃப்கள் படிக்கப்படவே இல்லை. பின்னர் அந்த மாறி மெய்யானாலும் வியூவுக்குத் தெரியாது. உள்ளே உள்ள ரெஃப்கள் மாறினாலும் தெரியாது.

.வேல்யூ எழுத மறந்தால் எச்சரிக்கை வருமா?

வியூ எச்சரிக்காது. செட்டப் முறையில் ஸ்கிரிப்டில் ரெஃப், கம்ப்யூட்டட் ஆகியவற்றின் உள்ளே உள்ள மதிப்பை .வேல்யூ என்று எழுதியே எடுக்க வேண்டும். ஸ்கிரிப்டில் கம்ப்யூட்டடை .வேல்யூ இன்றி இஃப் நிபந்தனையில் வைத்தால், அது ஓர் ஆப்ஜெக்ட் என்பதால் நிபந்தனை எப்போதும் மெய்யாகும். இதைப் பிடிக்கும் லின்ட் விதி ஒன்று இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டும் பல இடங்களில் காட்டிக்கொடுக்கும். டெம்ப்ளேட்டில் மேல்மட்ட ரெஃப்களை வியூவே பிரித்துத் தருவதால் அங்கே .வேல்யூ வேண்டாம், ஆனால் சாதாரண ஆப்ஜெக்ட் ஒன்றின் உள்ளே இருக்கும் ரெஃபைக் கணக்கில் பயன்படுத்தினால் டெம்ப்ளேட்டிலும் அது பிரிக்கப்படாது.

கம்ப்யூட்டடுக்கு அளவுரு கொடுத்தேன். "ஃபங்ஷன் அன்று" என்று பிழை வருகிறது.

கம்ப்யூட்டட் அழைக்கப்படுவதில்லை, படிக்கப்படுகிறது. கெட்டரிலிருந்து ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தந்தால் அளவுரு கொடுக்க முடியும், ஆனால் அந்த உள் ஃபங்ஷனின் விடை நினைவில் வைக்கப்படாது. அதற்கு மெத்தடே போதும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிக் கணக்கீடு தேவைப்பட்டால், அந்த வரியை ஒரு காம்பொனென்டாக்கி அதற்குள் கம்ப்யூட்டட் வைப்பதே நல்லது.

எச்சரிக்கையை எழுப்பிய வரியை எப்படிக் கண்டறிவது?

எச்சரிக்கையின் கீழே எந்தக் காம்பொனென்டுக்குள் எது என்று ஒரு தொடர் வரும். அதன் முதல் பெயரே தொடங்குமிடம். அதுவும் போதாதபோது, ஆப்.கன்ஃபிக்கில் வார்ன்ஹேண்ட்லர் என்ற ஃபங்ஷனை அமைத்து, அதற்குள் டீபக்கர் கட்டளையை இடுங்கள். எச்சரிக்கை எழும் கணத்தில் உலாவி நின்றுவிடும். அழைப்பு அடுக்கில் சற்றுக் கீழே இறங்கினால் எழுதிய வரியே கிடைக்கும். எதிர்பாராத மறுகணக்கீட்டைத் தேடுகிறீர்கள் என்றால், வியூ 3-இல் கம்ப்யூட்டடின் இரண்டாவது அளவுருவாக ஆன்டிராக், ஆன்டிரிகர் ஆகிய இரண்டைக் கொடுக்கலாம். முதலாவது எந்தத் தரவு குறிக்கப்பட்டது என்பதையும், இரண்டாவது எந்த மாற்றம் தூண்டியது என்பதையும் சொல்லும். இவை உருவாக்கக் காலப் பதிப்பில் மட்டுமே இயங்கும்.

வெளியீட்டுப் பதிப்பில் எச்சரிக்கைகள் தாமே மறைந்துவிடுகின்றன. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

மறைவது செய்தி மட்டுமே. செட்டர் இல்லாத பண்பில் பயனர் தட்டிய மதிப்பு வெளியீட்டுப் பதிப்பிலும் தொலைந்துதான் போகிறது. பழைய செயலியில் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால் ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம். எழுத்து தொலையும் வகையை முதலிலும், சுழற்சி வகையை அடுத்தும், பெயர் மோதல்களை அதன் பின்னும் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்த்த காம்பொனென்ட்களின் சோதனைகளில் வார்ன்ஹேண்ட்லரைப் பிழை எறியும்படி அமைத்துவிட்டால், அந்த எச்சரிக்கை மீண்டும் எழும்போது சோதனையே தோல்வியுறும்.